லோடு வேன் வீடாகுமா?

சென்ற ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரிவலம்வந்தநல்லூரில், பால்வண்ணநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் எங்கள் பழைய வீட்டின் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. என் அக்காள் மகன் இறங்கினான். மூடிய பெட்டி போன்ற பழைய லோடு வேன். சங்கரன்கோவில் பூச்சந்தையிலிருந்து பிச்சியும் மல்லிகையும் ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டி அது; கதவைத் திறந்ததும் வாசனை இன்னும் இருந்தது.

“மாமா, விலைக்கு வாங்கிவிட்டேன். இதைக் கொஞ்சம் மாற்றினால் போதும். குற்றாலம், பாபநாசம், கன்னியாகுமரி என்று வீட்டோடு சுற்றலாம். லாட்ஜ் செலவே இல்லை!” என்றான்.

பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினான். அழகாகப் படம் வரைந்திருந்தான். கூரையின் மேல் இரும்புச் சட்டம். அதில் தண்ணீர்த் தொட்டியும் சாமான்களும். உள்ளே கட்டில், காஸ் அடுப்பு. நான்கு பாட்டரிகள்; அவற்றில் ஓடும் ஏ.சி. பின்பக்கம் எட்டுப் பேர் உட்கார இரண்டு பெஞ்சுகள்.

மாணவ நண்பர்களே! உங்களில் பலருக்கும் இந்த ஆசை இருக்கும். வண்டியை வீடாக மாற்றி ஊர் சுற்றுவோரின் படங்களை நீங்கள் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் வண்டியின் தகட்டில் முதல் துளையைப் போடும் முன், காகிதத்தில் சில கணக்குகளைப் போட்டாக வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கணக்குகளுக்குக் கல்லூரிப் படிப்புத் தேவையில்லை. உங்கள் பள்ளி இயற்பியலே போதும். அந்தக் கணக்கைப் போடாத காரணத்தால்தான் நம் பக்கத்துச் சாலைகளில் உயிர்கள் போகின்றன.

புதிய ஆசை அல்ல

வண்டியை வீடாக்குவது வெளிநாட்டாரின் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து மக்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். மற்ற நாட்களில் எருவும் நெல்மூட்டையும் ஏற்றிய அதே மாட்டு வண்டிதான். திருவிழாவுக்கு முதல்நாள் மூங்கில் வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டை அதன்மேல் ஏற்றுவார்கள். அடியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்தால் அதுவே மெத்தை. அரிசி, பருப்பு, பாத்திரங்கள் எல்லாம் கூடவே வரும். இரவில் வண்டியை நிறுத்தி, வெளியே கல் கூட்டிச் சமைத்து, வண்டிக்குள் குழந்தைகளும் வண்டிக்கு அடியில் பெரியவர்களுமாகப் படுத்துறங்குவார்கள். என் பாட்டி இதைச் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்.

மாட்டு வண்டியை வேறொன்றாக மாற்றியதற்கு இன்னொரு புகழ்பெற்ற சான்றும் நம்மிடம் உண்டு. 1931 அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியை நடமாடும் நூலகமாக்கிக் கிராமங்களுக்கு அனுப்பினார். நூலகத் தந்தை இரங்கநாதன் வாழ்ந்த தமிழ்நாட்டில் நடந்தது அது.

வெளிநாட்டிலும் கதை சரக்கிலிருந்துதான் தொடங்குகிறது. 1947-ல் பென் பான் என்ற டச்சு வணிகர் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலைக்குப் போனார். உள்ளே பொருள்களை ஏற்றி இழுக்கும் தட்டையான வண்டி ஒன்றைக் கண்டார். உடனே தம் குறிப்பேட்டில் ஒரு பெட்டி வண்டியின் படத்தைக் கிறுக்கினார். அந்த வேன் 1950-ல் உற்பத்திக்கு வந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அந்த வேனுக்குள் வைக்கத்தக்க ஒரு ‘முகாம் பெட்டி’யைச் செய்தது. படுக்கை, அலமாரி, மேசை எல்லாம் அதில் அடக்கம். தேவைப்பட்டால் கழற்றிவிடலாம். வாரநாட்களில் சரக்கு, விடுமுறையில் பயணம்!

நம் கூண்டு வண்டியையும் இந்த முகாம் பெட்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுமே வண்டியின் உடலை வெட்டவில்லை. இரண்டுமே கழற்றக்கூடியவை. இந்த ஒற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இங்கேதான் திரும்பி வரப்போகிறோம்.

150 கிலோவை எங்கே வைப்பது?

இப்போது என் மருமகனின் நோட்டுக்கு வருவோம். முதலில் கூரைமேல் உள்ள தொட்டியும் சாமான்களும். மொத்தம் 150 கி.கி. என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே தொட்டி நிறைந்தால் இது பெரிய கணக்கே அல்ல.

ஒரு சிறிய வேனின் எடை சுமார் 1000 கி.கி. அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 0.6 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் சுமார் 1.3 மீட்டர். அதில் பாதி 0.65 மீட்டர்.

ஒரு வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதை அறிய ஓர் எளிய எண் போதும். சக்கர அகலத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். இதை ‘உறுதி எண்’ என்று அழைப்போம். எண் பெரியதானால் வண்டி உறுதியாக நிற்கும். சிறியதானால் எளிதில் கவிழும். நம் வேனுக்கு 0.65-ஐ 0.6-ஆல் வகுத்தால் 1.08.

சாமான்களைக் கூரைமேல், 2 மீட்டர் உயரத்தில் வைத்தால் புதிய ஈர்ப்பு மையம் என்ன?

(1000 × 0.6 + 150 × 2.0) ÷ 1150 = 0.78 மீட்டர்.

உறுதி எண் 0.83 ஆகக் குறைந்துவிடுகிறது.

அதே 150 கிலோவை வேனின் தரையில், 0.5 மீட்டர் உயரத்தில் வைத்தால்?

(1000 × 0.6 + 150 × 0.5) ÷ 1150 = 0.59 மீட்டர்.

உறுதி எண் 1.11. அதாவது முன்பிருந்ததைவிடச் சற்றே கூடுதல்! அதே வண்டி, அதே சாமான். வைத்த இடம்தான் வேறு.

இதோடு நம் ஊர்க் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பித்தான் நம் வட்டாரத்தில் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று, 6.3 சதுர மீட்டர் பக்கப் பரப்புள்ள வேனை ஏறக்குறைய 850 நியூட்டன் விசையோடு தள்ளும். 85 கிலோ எடையுள்ள ஒருவர் பக்கவாட்டில் சாய்ந்து அழுத்துவதற்குச் சமம் அது. கூரையின் மேல் மேலும் ஒரு பெட்டியைக் கட்டினால் காற்றுக்கு இன்னும் கொஞ்சம் பரப்பைக் கொடுக்கிறோம். அதுவும் மிக உயரத்தில்.

“தொட்டியைக் கீழே வைத்துவிடுகிறேன் மாமா” என்றான் மருமகன். நல்லது. ஆனால் ஒரே பெரிய தொட்டி வேண்டாம் என்றேன். பாதி நிறைந்த தொட்டியில் தண்ணீர் வளைவுகளில் ஒருபக்கமாக ஓடிச் சேரும். அப்போது ஈர்ப்பு மையமும் அதனோடு நகரும். மூடியிட்ட 20 லிட்டர் கேன்கள் இரண்டோ மூன்றோ போதும். ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறக்கலாம்.

எட்டுப் பேர், இருபது பேர்

அடுத்தது, நோட்டில் வரைந்திருந்த பெஞ்சுகள். இங்கேதான் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருந்தது.

நீங்கள் எல்லோரும் பார்த்த காட்சிதான். கோயில் கொடை, காதுகுத்து, குற்றாலச் சாரல், துக்க வீடு - எதற்கென்றாலும் திறந்த லோடு வேனில் இருபது பேர் ஏறி நின்றுகொள்வது. குட்டி யானை என்று நாம் செல்லமாக அழைக்கும் சிறு வண்டியிலும் இதே கதைதான். அவ்வகை வண்டிகள் ஏற்றத்தக்க சுமையே ஏறத்தாழ முக்கால் டன். தலைக்கு 55 கிலோ என்றால் இருபது பேர் 1100 கிலோ.

எடையைவிட உயரம் ஆபத்தானது. வண்டியின் தளம் தரையிலிருந்து 0.7 மீட்டர். நிற்கும் மனிதரின் ஈர்ப்பு மையம் அதற்கு மேல் சுமார் ஒரு மீட்டர். ஆக 1.7 மீட்டர். பழைய கணக்கையே போடுவோம்:

(1000 × 0.6 + 1100 × 1.7) ÷ 2100 = 1.18 மீட்டர்.

உறுதி எண் 0.55.

இந்த 0.55 என்ற எண்ணுக்கு என்ன பொருள்? உலர்ந்த தார்ச்சாலைக்கும் டயருக்கும் இடையே உள்ள உராய்வுக் குணகம் சுமார் 0.7. வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஒரு வண்டிக்கு இரண்டு வழிகளில் ஆபத்து வரலாம். ஒன்று, டயர் வழுக்கி வண்டி வெளிப்பக்கம் நகரலாம். மற்றொன்று, வண்டியே கவிழலாம். உறுதி எண் 0.7-ஐவிடப் பெரியதானால் முதலில் டயர் வழுக்கும். ‘கிரீச்’ என்ற சத்தம் எழும்; ஓட்டுநருக்கு எச்சரிக்கை கிடைக்கும்; வேகத்தைக் குறைப்பார். உறுதி எண் 0.7-ஐவிடச் சிறியதானால் டயர் வழுக்கும் முன்பே வண்டி கவிழ்ந்துவிடும். அங்கே எச்சரிக்கை கிடையாது.

30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். கவிழும் வேகத்தின் வர்க்கம் = உறுதி எண் × 9.8 × 30. கணக்கிட்டால் வினாடிக்கு 12.7 மீட்டர், மணிக்கு 46 கி.மீ. மட்டுமே! யாரும் இதை வேகம் என்றே சொல்லமாட்டார்கள். இதுவும் ஸ்பிரிங்கின் அசைவையும் டயரின் அமுங்கலையும் கணக்கில் கொள்ளாத எண். வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள் என்பதையும் சேர்த்தால் உண்மையான வேகம் இன்னும் குறைவு.

“அப்படியானால் உட்கார்ந்து போகலாமே?” என்று கேட்பீர்கள். என் மருமகனும் அதைத்தான் கேட்டான். உட்கார்ந்தால் உறுதி எண் கூடும், உண்மைதான். ஆனால் வண்டி திடீரென்று நின்றால்? மணிக்கு 50 கி.மீ. என்பது வினாடிக்கு 13.9 மீட்டர். வண்டி எதிலாவது மோதி நின்றாலும், கட்டப்படாத மனித உடல் அதே வேகத்தில் முன்னே போகும். நியூட்டனின் முதல் விதி கோயிலுக்குப் போகிறவர்களுக்கு விலக்குத் தருவதில்லை. அந்த வேகத்தில் இரும்புத் தகட்டில் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து தரையில் விழுவதற்கு ஒப்பாகும். பயணிகள் வண்டியில் இருக்கையும் பெல்ட்டும் சட்டத்தோடு சேர்த்து, சோதித்துப் பொருத்தப்படுகின்றன. பட்டறையில் வெல்டிங் வைத்த பெஞ்சை யார் சோதித்தார்கள்?

பணக் கணக்கும் ஒன்று உண்டு. சரக்கு வண்டியில் பயணியாக ஏறிச் செல்பவர் விபத்தில் இறந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ சரக்கோடு போவது வேறு. திருவிழாவுக்குப் போகும் கூட்டம் வேறு. உயிரும் போய், குடும்பத்துக்கு வர வேண்டிய பணமும் வராமல் போகிறது.

“இருபது வருஷமாக ஓட்டுகிறேன் சார், ஒன்றும் ஆனதில்லை” என்று ஓர் ஓட்டுநர் என்னிடம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இருபது வருடமாக வளைவில் ஒரு நாய் குறுக்கே வரவில்லை என்பதுதான் அதன் பொருள். ஈர்ப்பு மையம் அனுபவத்தைப் பார்த்து இறங்கி நிற்பதில்லை.

இதில் ஏழைகளை மட்டும் குறை சொல்லவும் நான் விரும்பவில்லை. இருபது பேர் ஒரு வேனில் ஏறுவதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல, செலவும்தான். நேரத்துக்குப் பேருந்து இல்லாத ஊரில், இரவு பத்து மணிக்குத் திருவிழா முடிந்து வீடு திரும்ப வேறு வழி என்ன? திருவிழா நாட்களில் கிராமங்களுக்கு நள்ளிரவுவரை கூடுதல் பேருந்து விட்டால் எத்தனையோ லோடு வேன்கள் வீட்டில் நிற்கும். இதைக் கேட்பது நம் உரிமை. அதுவரைக்கும் நிற்கிற பயணத்தைத் தவிர்ப்பது நம் அறிவு.

அடுப்பும் காற்றும்

மூன்றாவது, வேனுக்குள் காஸ் அடுப்பு. ஒரு கிலோ சமையல் வாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று வேண்டும். நம் வேனின் உள்ளே இருப்பதோ 4 கன மீட்டருக்கும் குறைவு. மழைக்குப் பயந்து கதவை மூடிக்கொண்டு சமைத்தால், ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகும். கார்பன் டை ஆக்சைடோடு கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பிணைந்துகொள்ளும். தூக்கம் வருவதுபோலத் தோன்றும், அவ்வளவுதான்.

இது வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். வண்டியின் ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. ஏ.சி.யின் குளிர்ச்சிக்காக எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, மூடிய வண்டிக்குள் உறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது என்பதையும் மறக்கக்கூடாது. கசிந்தால் தரையில் குளம்போல் தேங்கும். ஆகவே என் யோசனை இது: அடுப்பு வேண்டவே வேண்டும் என்றால் அது வெளியே. நம் பாட்டிமார் கல் கூட்டியதும் வண்டிக்கு வெளியேதான் அல்லவா?

இரும்புப் பெட்டியும் வெயிலும்

நான்காவது, ஏ.சி. நம் ஊர் உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1000 வாட் ஆற்றல் விழுகிறது. வேன் கூரை 3 சதுர மீட்டர் என்றால் 3000 வாட். கருநீல வண்ணம் பூசிய கூரை இதில் பத்தில் ஒன்பது பங்கை உறிஞ்சிக்கொள்ளும், 2700 வாட். நல்ல வெள்ளை வண்ணம் பூசினால் உறிஞ்சுவது 600 முதல் 900 வாட் வரைதான். ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் செய்யும் வேலையைப் பாருங்கள்! அதற்கு மேல், கூரைக்கு உட்புறம் இடைவெளி விட்டு ஒரு கோரைப்பாயைக் கட்டினால் நடுவே நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். கூண்டு வண்டிக்குள் இதமாக இருந்ததன் இரகசியமும் பாயும் இருபக்கத் திறப்பும்தான்.

இனி பாட்டரிக் கணக்கு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் 1200 வாட்-மணி ஆற்றல் உண்டு. ஈய அமிலப் பாட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே காலிசெய்தால் சீக்கிரம் கெட்டுவிடும். எனவே நமக்குக் கிடைப்பது 600 வாட்-மணி. 25 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓட 200. 10 வாட் விளக்கு ஐந்து மணி நேரம் எரிய 50. ஒரு பாட்டரியே இரண்டு இரவுகளுக்குப் போதும்!

ஏ.சி.க்கோ 1000 வாட் என்றால் எட்டு மணி நேரத்துக்கு 8000 வாட்-மணி. அதற்குப் பதின்மூன்று பாட்டரிகளுக்கு மேல் வேண்டும். ஒன்று 30 கிலோ என்றாலும் ஏறக்குறைய 400 கிலோ. பாட்டரியை ஏற்றிக்கொண்டு போக ஒரு வேன், ஆட்களை ஏற்றிக்கொண்டு போக இன்னொரு வேன் என்றாகிவிடும். மருமகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏ.சி.யை அவனே அடித்துவிட்டான்.

நான் செய்த தவறு

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு பழைய வேனைப் பயணத்துக்காகத் தயார் செய்தோம். “நீதான் இயற்பியல்காரன்” என்று வயரிங் வேலையை என்னிடம் விட்டார்கள். நானும் “12 வோல்ட்தானே, தொட்டாலும் ஷாக் அடிக்காது” என்று மெல்லிய வீட்டு வயரை இழுத்து, தகட்டுத் துளை வழியே கொண்டுபோனேன். ஃபியூஸ் போடவில்லை.

பாபநாசத்தில் இரவு தங்கினோம். நள்ளிரவில் கருகல் நாற்றம். ஓடிய அதிர்வில் வயரின் உறை தகட்டு விளிம்பில் உராய்ந்து தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டுவிட்டது. பாட்டரியும் வயரும் சேர்ந்து மின்தடை 0.02 ஓம்தான் என்றால், ஓம் விதிப்படி மின்னோட்டம் 600 ஆம்பியர்! மெத்தையின் ஓரம் புகைந்துகொண்டிருந்தது. ஒருவர் விழித்திருந்ததால் பிழைத்தோம்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் எரிக்கும். 120 வாட் கருவிக்கு 230 வோல்ட்டில் அரை ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வோல்ட் குறையக் குறைய வயர் தடிமனாக வேண்டும். பாட்டரி முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். தகட்டுத் துளை ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம் வேண்டும். வகுப்பில் ஓம் விதியைப் பல ஆண்டுகள் நடத்தியவன், அதை ஒரு மெத்தையை எரித்துக் கற்றுக்கொண்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை இஷ்டப்படி மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. வண்டியையே வீடாக அமைப்பதற்குத் தனித் தரநிலை இருக்கிறது, ஏ.ஐ.எஸ். 124 என்பது அதன் பெயர். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையையே அறிவித்தது.

சட்டத்தைச் சிலர் தொல்லை என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மேலே நாம் போட்ட கணக்குகளைத்தான் சட்டம் வேறு மொழியில் எழுதி வைத்திருக்கிறது. அதே சமயம், ஒரு குறையும் உண்டு. பெரிய நிறுவனம் பல இலட்சம் செலவிட்டுக் கேரவன் கட்டிச் சான்றிதழ் வாங்கிவிடும். பழைய வேன் வைத்திருக்கும் சாதாரண இளைஞனுக்கு, எது கூடும், எது கூடாது என்பதை எளிய தமிழில், படத்தோடு சொல்லும் ஒரு சிறு கையேடாவது வேண்டும். வழி தெரியாதவன்தான் குறுக்கு வழியில் போகிறான்.

கடைசியில் என்ன ஆயிற்று?

மாலைக்குள் நோட்டில் பாதிப் படங்கள் அடிபட்டுவிட்டன. கூரைச் சட்டம் போயிற்று, பெஞ்சுகள் போயின, ஏ.சி. போயிற்று, அடுப்பு வெளியே வந்தது. மிஞ்சியவை: வெள்ளைக் கூரை, உள்ளே ஒரு பாய்த் தடுப்பு, ஒரு பாட்டரி, ஒரு விசிறி, மூன்று தண்ணீர்க் கேன்கள், தரையோடு இறுகக் கட்டும், கழற்றக்கூடிய பலகைப் பெட்டி ஒன்று. அதன்மேல் மெத்தை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இந்தப் படத்தைக் காட்டி, வண்ணம் மாற்றுவது உட்பட எதற்கெல்லாம் அனுமதி வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறான். பதில் வரும்வரை தகட்டில் ஒரு துளையும் போடுவதில்லை என்று முடிவு.

“வண்டி ஓடும்போது பின்னால் யாரும் இருக்கக்கூடாது; முன்னே பதிவில் உள்ள இருக்கைகளில் எத்தனை பேரோ அத்தனை பேர்தான். நின்ற பிறகுதான் அது வீடு” என்றேன்.

“மற்றவர்கள்?” என்றான்.

“பஸ்ஸில் வரட்டும். நானும் பஸ்ஸில்தான் வருவேன். குற்றாலத்தில் சந்திப்போம்.”

முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் நோட்டை மூடும் முன் அவனே ஒன்று சொன்னான்: “மாமா, சேர்க்கச் சேர்க்க நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். எடுக்க எடுக்கத்தான் நன்றாகிறது.”

மாணவ நண்பர்களே, இன்று மாலையே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு காலி சோப்புப் பெட்டியைப் பரீட்சை அட்டையின்மேல் நிறுத்திவையுங்கள். வழுக்காமலிருக்க, சாயும் பக்கம் அதன் அடியை ஒட்டி ஒரு மெல்லிய குச்சியை ஒட்டுங்கள். பெட்டிக்குள் அடியில் சில நாணயங்களை ஒட்டி, அட்டையை மெல்லச் சாயுங்கள். எந்தச் சாய்வில் பெட்டி விழுகிறது? அட்டையின் விளிம்பு உயர்ந்த அளவைத் தரையில் உள்ள தூரத்தால் வகுத்தால் வரும் எண்தான் நம் உறுதி எண். பிறகு அதே நாணயங்களைப் பெட்டியின் மேல்முனையில் ஒட்டி மறுபடி சாயுங்கள். இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த திருவிழாவுக்கு வாசலில் லோடு வேன் வந்து நின்று, “ஏறுங்கள், இடம் இருக்கிறது” என்று யாராவது அழைக்கும்போது, அந்த இரண்டு எண்களையும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். மரியாதையாக, ஆனால் தயங்காமல் சொல்லுங்கள்.